ஆண்டனிராஜ் பாட்டை வெட்டிய ஞாயிறு

திண்டுக்கல்லில் ஆண்டனிராஜ் கத்திரி போடாத படம் என்று ஒன்று இருந்தால், அது அவருடைய கல்யாண வீடியோவாகத்தான் இருக்கும். அதிலும் தன் அப்பா பேசுகிற இடத்தைக் காணோமே என்று அவர் வீட்டம்மா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

முப்பத்தெட்டு வருடம் தியேட்டர் ஆபரேட்டர். சாணார்பட்டிக்குக் கடைசி பஸ் கிளம்பும் நேரம் வந்தால் ஊர்ச்சனம் கிளைமாக்ஸை விட்டுவிட்டு ஓடும். அதனால் அவர் பாட்டுகளை வெட்டிவிடுவார். பாட்டு வந்தால் பாதிப் பேர் எப்படியும் வெளியே போய்விடுவார்கள், கதையும் அந்த நேரம் நகராமல் நிற்கும், யாருக்கும் நட்டமில்லை. ஒரு தரம் ஆறு பாட்டையும் வெட்டியதில், சனம் பஸ்ஸுக்கு முன்னாலேயே நடந்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

இப்போது வயது அறுபத்தாறு. மாதம் ஒரு ஞாயிறு சர்ச் ஹாலில் படம் போடுவதுதான் அவருக்கு மிச்சமிருக்கும் சந்தோஷம். அதற்கும் ஆபத்து வந்தது. இரண்டு மாதமாகக் கூட்டம் பாதியிலேயே கலைந்து போனதால், பங்குப் பேரவைச் செயலாளர் பெலிக்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, இந்தத் தடவ சனம் கடைசி வரைக்கும் உக்காரணும். ஆறு மணிக்குப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு, அதுக்குள்ள முடிக்கவும் செய்யணும். இல்லாட்டி இதோட நிப்பாட்டிருவோம்."

படத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் டீச்சர் ஜோஸ்பின். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே அமெரிக்காவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஒரே ஆட்டமும் பாட்டும். கப்பற்படைச் சிப்பாய் ஒருவன் மூன்று நாள் லீவில் வருகிறான். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருத்தியைப் பார்த்து மயங்குகிறான். கதை அவ்வளவுதான்.

"ஏழு பாட்டுண்ணே. உசுரே அதுலதான் இருக்கு" என்றார் டீச்சர்.

உசுரை எடுத்தால்தான் ஆறு மணிக்கு முடியும் என்று ஆண்டனிராஜ் கணக்குப் போட்டார். லேப்டாப்பில் உட்கார்ந்து, படத்தைப் பார்க்காமல் காதை மட்டும் தீட்டிக்கொண்டு, வயலின் எழும்புகிற இடத்திலெல்லாம் வெட்டினார். பழைய பழக்கத்தில் வெட்டியதைத் தூர எறியாமல் தனியாக எடுத்து வைத்தார். டீச்சரிடம் மூச்சு விடவில்லை.

ஞாயிறு நாலரைக்குப் படம் தொடங்கியது. டீச்சர் மைக்கைப் பிடித்துக்கொண்டு வசனத்தைத் தமிழில் சொன்னார். பாட்டு வரவேண்டிய இடங்களில் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்ததை ஆண்டனிராஜ் பார்க்காத மாதிரி இருந்தார். கூட்டம் அசையவில்லை. அவருக்கு உள்ளுக்குள் பெருமை.

திரையில் அவளுக்கும் அவனுக்கும் சண்டை. "உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்றா" என்றார் டீச்சர். அவள் கதவைப் படாரென்று சாத்தினாள்.

அடுத்த நொடி, அதே கதவு திறந்தது. அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

ஹாலில் மின்விசிறிகூடப் பயந்து நின்றுவிட்டது போல இருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா சிலுவைக்குறி போட்டார். பெலிக்ஸ் எழுந்தார்.

"என்னண்ணே இது? கோயில் ஹால்ல போடுற படமா இது? அந்தப் புள்ள ஏது?"

ஆண்டனிராஜ் டீச்சரைப் பார்த்தார். காதை மட்டும் வைத்து வெட்டியவருக்கு எப்படித் தெரியும்?

"கல்யாணம் எங்கண்ணே?" என்றார் டீச்சர், மைக்கிலேயே.

"கல்யாணமா? அது படத்துல எங்க இருக்கு டீச்சர்?"

"நாலாவது பாட்டுக்குள்ள."

முப்பத்தெட்டு வருடம் அவர் கையில் செத்த பாட்டெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து முன்னால் வந்து நின்றது போலிருந்தது. பாட்டுக்குள் கதை நடக்குமா? நம் படத்தில் பாட்டு வந்தால் ஆளும் பெண்ணும் மலையைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே அல்லவா வருவார்கள்.

"அதைத் தூக்கிப் போட்டுட்டீகளா?" என்றார் டீச்சர்.

"இருக்கு, இருக்கு. செத்த நேரம் குடுங்க." நாலாவது பாட்டைத் தேடியெடுத்துப் போட்டார்.

தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடம். சாத்திய கதவுக்கு வெளியே அவன் காலால் தாளம் போட, உள்ளே அவள் தட்டில் கரண்டியால் பதில் தட்டுகிறாள். கதவு திறக்கிறது. எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு நூறு பெண்கள் மேசை மேல் ஏறி ஆடுகிறார்கள். ஒருத்தி திரைச்சீலையைக் கிழித்து மணப்பெண்ணுக்கு முக்காடு போடுகிறாள். பாதிரியார் ஒருவர் ஆடிக்கொண்டே வந்து இருவரையும் ஆசீர்வதித்து, ஆடிக்கொண்டே போகிறார். கப்பல் சங்கு ஊதுகிறது. ஆட்டம் நிற்கவில்லை, அவன் மட்டும் வரிசையிலிருந்து மெல்லப் பின்னால் நகர்ந்து கதவு வழியாகப் போய்விடுகிறான். அவள் சிரித்தபடியே ஆடுகிறாள், பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாக.

ஆண்டனிராஜ் திறந்த வாயை மூடவில்லை. ஒரு வசனமில்லை, அழுகையில்லை. காலாலேயே இம்புட்டும் சொல்லிவிட்டார்களே.

வாசலில் மறைக்கல்விப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். மணி ஆறு. ஆண்டனிராஜ் லேப்டாப்பை மூடப் போனார்.

"ஏண்ணே மூடுறீக?" என்றார் பெலிக்ஸ். "அந்தச் சாமியார் ஆடுனத நம்ம பங்குச் சாமிகிட்ட யாரும் சொல்லிராதீக." பிள்ளைகளைப் பார்த்து, "ஏலே, உள்ள வந்து தரையில உக்காருங்க" என்றவர், மறுபடி ஆண்டனிராஜிடம் திரும்பினார். "மிச்சம் ஆறு பாட்டு எங்க? மொதல்ல இருந்து போடுங்க."