காதர் பாய் சுரண்டாமல் விட்ட சிவப்பு

காதர் பாய் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் பழவேற்காட்டில் ஐஸ் விற்பவர். "பாய் மவுத்தாயிட்டாரு. காலைல மாருல வலின்னாராம்" என்றார். நான் உடனே நம்பவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயரைக் கேட்ட பிறகுதான் நம்பினேன். என் புத்தி அப்படி. பாயை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரியும். அவரைத் திருடர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான்.

பாய் கடைத்தெருவில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்த்தார். கோட்டைக்குப்பத்திலிருந்து நண்டும் இறாலும் ஏற்றிப் போகும் என் மினி வேன் அடிக்கடி வழியில் நின்றுவிடும். உப்புக்காற்றில், வயர்களைச் சேர்க்கும் கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின்கள் பச்சை பூத்துப்போகும். மற்ற மெக்கானிக்குகள் கனெக்டரையே வெட்டி எறிந்துவிட்டு, வயரை முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். பாய் மட்டும் ஒவ்வொரு பின்னையும் முழுசாக வெளியே எடுத்துச் சுத்தம் செய்து, அதே ஓட்டையில் திரும்பப் போடுவார். இவ்வளவு மெனக்கெடுகிறவர் சும்மாவா மெனக்கெடுவார்? நல்ல பின்னை உருவிக்கொண்டு பழசைச் சொருகுகிறார் என்று எனக்குள் ஒரு பூச்சி ஊர ஆரம்பித்தது.

அதனால் அவர் கையையே வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். முதலில் கனெக்டரின் வெள்ளைப் பூட்டைத் தூக்குவார். வயரை லேசாக உள்ளே தள்ளுவார். குடைக்கம்பியைத் தேய்த்துச் செய்த ஊசியை எதிர்ப்பக்கம் விட்டு, பின்னின் முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாக்கை அழுத்துவார். அதற்கப்புறம் இழுத்தால் பின் வழுக்கிக்கொண்டு வரும். "மொதல்ல தள்ளணும், அப்பால இழுக்கணும். பலத்த காட்டினா நாக்கு ஒடிஞ்சிரும்" என்பார்.

எங்கள் குப்பத்தில் வலை மிதவைகளுக்கு வீட்டுக்கு ஓர் அடையாளம் உண்டு. என் வீட்டுக்குச் சிவப்புப் பொட்டு. அந்தப் பெயிண்ட்டையே எடுத்து, கனெக்டரைப் பிரித்து, எல்லாப் பின் முனையிலும் பொட்டு வைத்தேன். மறுநாள் வண்டி கிளம்பவே இல்லை. கயிறு கட்டி இழுத்துப்போய் பாயிடம் விட்டேன். மாலையில் வண்டி ஓடியது. அவர் கடை வாசலிலேயே கனெக்டரைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பொட்டுகூட இல்லை.

"என் பின்னு எங்க பாய்?" என்று நாலு பேர் முன்னால் கத்தினேன்.

"இதான்பா உன் பின்னு. பெயிண்ட்டு பூசினா கரண்ட்டு எப்டி பாயும்? சுரண்டிட்டேன்."

"திருடனும் இதத்தான் சொல்லுவான்!"

அவர் கோபப்படவில்லை. "சேகரு, ஒண்ணுல மட்டும் பெயிண்ட்டு நாக்குக்கு அடியில வழிஞ்சு கீது. அங்க தொந்தரவு இல்ல, சுரண்டாம வுட்டேன். நம்பலைன்னா கழட்டிப் பாரு" என்றார்.

நான் கழற்றவில்லை. கழற்றும்போது நான் நாக்கை ஒடித்துவிட்டால் புதுசு விற்கலாம் என்று காத்திருக்கிறார் என நினைத்தேன். பாய் திருடர் என்று நண்டு ஏலத்தில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன். அவர் கடைக்கு வண்டிகள் வருவது குறைந்தது. என் வேனோ அதன் பிறகு இரண்டு வருடம் ஒருநாளும் நிற்கவில்லை. எவன் வண்டியிலிருந்து உருவிய நல்ல பின்னோ என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

அடக்கத்துக்குப் போய்த் தள்ளியே நின்றேன். வீட்டுக்கு வந்ததும் பழைய குடையை ஒடித்து, கம்பியைத் தேய்த்து, கனெக்டரைப் பிரித்தேன். தள்ளினேன், அழுத்தினேன், இழுத்தேன். ஐந்தாவது பின்னில், நாக்குக்கு அடியில், என் வீட்டுச் சிவப்பு இருந்தது.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். வாசற்படியருகே நின்றேன். அவர் மனைவிதான் பேசினார். "தம்பி, உங்க வண்டி தெருவுல போறப்பல்லாம் டீ கிளாச கீழ வச்சிட்டு அந்தச் சத்தத்தக் கேப்பாரு. 'நிக்காம போவுது, பின்னு நல்லா புடிச்சிருக்கு'ம்பாரு."

என் மனம் நோகட்டும் என்று சொல்கிறாரோ என அப்போதும் ஒரு கணம் நினைத்தேன். பிறகு அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவரைத் திருடர் என்று யாரிடமெல்லாம் சொன்னேனோ, அவர்களைத் தேடிப்போய் இப்போது உண்மையைச் சொல்கிறேன். சிலர் நம்புவதில்லை. "செத்துட்டாரேன்னு சொல்ற" என்கிறார்கள். அவர்களை வண்டியருகே அழைத்துப்போய், முதலில் தள்ளி, அப்புறம் இழுத்து, அந்தப் பின்னைக் கழற்றிக் காட்டுகிறேன். பாயிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தச் சிவப்புதான். நானும் அதைச் சுரண்டவில்லை.