சைக்கிள் மட்டும் வந்தது

எனக்கு இன்றைக்கும் சைக்கிள் ஓடத் தெரியாது. ஆனால் பழக்கத் தெரியும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகளின் சைக்கிளில் இருந்து பக்கத்துச் சின்னச் சில்லுகளைக் கழற்றும் காலம் வந்தால் தாய்மார் என்னைத்தான் தேடி வருவார்கள். நானும் போய்ச் சொல்லிக் கொடுப்பேன். ஒருக்கால் நீங்கள் ஓடிக் காட்டுங்கோவன் என்று யாராவது கேட்டால் முழங்கால் நோ என்று சொல்லித் தப்பிவிடுவேன். முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை.

இந்த வித்தையை நான் பழகியது பத்து வயதில், ஓகஸ்ட் லீவில். அப்பாவின் அக்கா, எனக்கு மாமி, கனடாவில் இருந்து ஒரு மாதம் நிற்க வந்திருந்தார். கூடவே மாமாவும், எனக்கு மச்சான் முறையான ஏழு வயது மகனும். காலி வீதி என்கிற பெருந்தெருவுக்குக் கடற்பக்கமாக, லிஃப்ட் வைத்த கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில் ஏசி போட்ட ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நாங்கள் காலி வீதியின் மற்றப் பக்கம், ஒரு வீட்டின் பின்புறத்தில் ஒட்டிக் கட்டிய இரண்டு அறைகளில் இருந்தோம். நடந்தால் பத்து நிமிடம். அந்தத் தூரத்தை அம்மாவும் நானும் அந்த மாதம் முழுக்க நடந்தோம். மாமி ஒருநாள்கூட நடக்கவில்லை.

அம்மா காலையில் போய் அவர்களுக்குச் சமைப்பார். வெளிச்சாப்பாடு மகனுக்கு ஒத்துவராதாம். "உன்ர கைக்கு ஒரு ருசி இருக்கு மச்சாள்" என்று மாமி ஏசிக்குக் கீழே இருந்தபடி சொல்லுவார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். இதற்கு அவர்கள் வைத்த பெயர் உதவி.

எனக்கும் ஒரு உதவி வந்து சேர்ந்தது. மச்சானின் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இரண்டு சில்லில் ஓடுகிறார்களாம். இவன் மட்டும் இன்னும் நாலு சில்லு. திரும்பிப் போவதற்குள் பழக்கிவிட வேண்டும் என்று மாமா சிவப்புச் சைக்கிள் ஒன்று வாங்கினார். ஃபோனில் வீடியோ பார்த்து, பெடல் இரண்டையும் கழற்றி, சீற்றைப் பதித்து, பிள்ளை காலால் உந்தி உந்தித் தள்ளிப் பழகவேண்டும் என்று விளங்கப்படுத்தினார். அதோடு அவருடைய பங்கு முடிந்தது. பின்னேரம் அவருக்கு ஆட்களைப் பார்க்கப் போகவேண்டும், மாமிக்குச் சேலைக் கடை. கட்டடத்தின் கீழே கார் நிறுத்தும் இடத்தில் மச்சானும் நானும் சைக்கிளும்தான் மிச்சம்.

"வடிவாப் பிடி பிள்ளை, விழுத்திப்போடாதை. நாங்கள் போகேக்க சைக்கிள் உனக்குத்தான்" என்றார் மாமி.

அந்த ஒரு சொல்லுக்காக நான் ஓடின ஓட்டம்! மச்சான் பெடல் இல்லாமல் உந்திப் போகும்போது குனிந்தபடி பின்னால் ஓடினேன். பெடல் பூட்டிய பிறகு சீற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவன் என்னோடு இங்கிலீசில்தான் கதைப்பான். அந்த மாதம் அவன் பழகிய தமிழ் "விடாதை" மட்டும்தான். விடாதை, விடாதை என்று அவன் கத்துகிற கத்தலில் கார்களுக்கு அடியில் படுத்திருந்த பூனைகள் எழும்பி ஓடும். சீற்றைப் பிடித்தால் அவன் என் பக்கம் சாய்கிறான், அக்குளுக்குள் கை கொடுத்தால் நேரே போகிறான் என்று நானாகக் கண்டுபிடித்தேன். முன்சில்லைப் பார்த்தால் விழுவான், தூரத்தில் கேற்றைப் பார்த்தால் விழமாட்டான். இதெல்லாம் மாமாவின் வீடியோவில் இருந்ததோ தெரியாது.

மச்சான் தண்ணீர் குடிக்க மேலே போயிருந்த ஒரு பின்னேரம் கேற்றில் இருந்த செக்கியூரிட்டி என்னைப் பார்த்து, "நங்கி, ஓயாத் பதின்னகோ" என்றார். தங்கச்சி, நீயும் ஓடிப்பாரேன் என்று சிங்களத்தில் சொன்னார். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். இரவல் சைக்கிளில் ஏற எனக்கென்ன விசரா? என்னுடையதாகட்டும், பிறகு ஆசைதீர ஓடுவேன் என்று ஒரு பெரிய மனுசி நினைப்பு. மணியை மட்டும் ஒருமுறை அடித்துப் பார்த்தேன்.

ஒருவழியாக மச்சான் தனியே ஓடினான். என் கை எப்போதோ எடுபட்டது தெரியாமல் கேற் வரைக்கும் விடாதை என்று கத்திக்கொண்டே போனான். நான் துள்ளிக் குதித்தேன். செய்தி கேட்டு மாமாவும் மாமியும் லிஃப்டில் இறங்கி வந்தார்கள். மாமா சீற்றைப் பிடித்தபடி நாலு எட்டு ஓடிக் கையை விட, மாமி அதை ஃபோனில் எடுத்தார். "பிள்ளை, கொஞ்சம் அங்கால நில்லு, படத்துக்குள்ள விழுறாய்" என்றார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். மகனுக்குத் தகப்பன் சைக்கிள் பழக்கிய அந்த வீடியோ உலகத்தில் உள்ள எங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் போனது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அன்றைக்கு எரியவில்லை, எனக்குத்தான் சைக்கிள் வரப்போகிறதே.

இவ்வளவுக்கும் நடுவே அம்மா ஒரு விடயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். "மச்சாள், ஒரு நாளைக்கு எங்கட வீட்ட வந்து ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோவன்."

"வாறம், வாறம். எங்க ஓடப் போறம்?" என்பார் மாமி. ஒருநாள் திருகோணமலைப் பயணம் என்றார், ஒருநாள் மகனுக்கு வயிறு சரியில்லை என்றார். உங்கட பக்கம் நுளம்புக்கடி கூட என்றும் ஒருமுறை சொன்னார். அம்மாவின் கை அவர்களுக்கு நல்லாகப் பிடித்திருந்தது. வீடுதான் பிடிக்கவில்லை. கடைசியில் அப்பா போய் நின்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டாயம் வரவேண்டும் என்று உறுதி வாங்கி வந்தார். அதற்கு மறுநாள் விடியப்புறம் அவர்களுக்குப் பிளைட்.

அந்த ஞாயிறு விடியமுன்னரே அம்மா எழும்பிவிட்டார். நண்டுக் குழம்பு, மாமாவுக்குப் பிடித்த கணவாய்ப் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பாயசம். மச்சானுக்கு உறைப்பில்லாமல் தனியாகக் கோழி. குடிக்கப் போத்தல் தண்ணீர்கூட வாங்கி வைத்திருந்தார். வீட்டுக்காரரிடம் கதிரைகளும் ஒரு ஃபானும் இரவல் வாங்கி, நுளம்புச் சுருள் கொளுத்தி, கட்டில் விரிப்பை மாற்றினார். அப்பா இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். நான் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணியானது, இரண்டு மணியானது. அப்பா எடுத்த அழைப்புக்குப் பதில் இல்லை. மூன்று மணிபோல ஒழுங்கையில் ஓட்டோச் சத்தம் கேட்டது. ஓடிப்போனேன். உள்ளே மனிதர் யாரும் இல்லை. பின்சீற்றில் என் சிவப்புச் சைக்கிள், முன்சில்லு வெளியே நீட்டிக்கொண்டு.

"மேடம் தந்து உட்டாங்க. பேக்கிங் முடியல்லயாம், வர ஏலாதாம்" என்றார் ஓட்டோக்காரர். சொல்லிவைத்தாற்போல அப்பாவின் ஃபோனும் அடித்தது. மாமியின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "குறை நினைக்காதையடா தம்பி. பிள்ளைக்குச் சைக்கிள் அனுப்பியிருக்கிறன். பாவம், ஒரு மாதமா ஓடித் திரிஞ்சவள்."

அப்பா சரி அக்கா, சரி அக்கா என்றார். நான் அதற்குள் சைக்கிளை இறக்கிவிட்டேன். பழக்கதோசத்தில் கை ஹாண்டிலுக்குப் போகவில்லை, சீற்றைத்தான் பிடித்தது.

அம்மா வாசலுக்கு வந்தார். சேலை மாற்றிப் பூ வைத்திருந்தார். "திருப்பி ஏத்துங்கோ" என்றார் ஓட்டோக்காரரிடம். "கொண்டுபோய் அவையளிட்டயே குடுங்கோ. போற ஹயர்க் காசை நான் தாறன்."

"அம்மா, அது என்ர!" என்று கத்தினேன்.

"என்ர பிள்ளை மச்சானோட விளையாடினவள். கூலிக்கு ஓடேல்லை."

அவர் சொன்னது என்னிடம் அல்ல, அப்பாவிடம். அப்பா ஃபோனைச் சேர்ட் பொக்கற்றுக்குள் போட்டார். ஓட்டோக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் தூக்கி உள்ளே வைத்தார். நான் ஒழுங்கை முடியும்வரை ஓட்டோவின் பின்னால் ஓடினேன். காலி வீதியில் அது பஸ்களுக்கு நடுவே போய் மறைந்தது.

திரும்பி வந்து கட்டிலில் குப்புற விழுந்தேன். உலகத்திலேயே பொல்லாத அம்மா எனக்குத்தான் வாய்த்தார் என்று நினைத்து அழுதேன். அந்த மாதம் நான் ஓடியது முழுக்க அவருடைய வாய்க்கொழுப்பில் போனது என்றுதான் பல வருடம் நம்பினேன். அப்பா ஒரு பிடி சோற்றைக் கொறித்துவிட்டுச் சேர்ட்டைக் கழற்றிக் கொளுவினார். அம்மா இரவல் கதிரைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு கோப்பையில் சோறு போட்டு, நண்டுச் சதையைக் கோதிக் குழைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். "எழும்பி ஒரு வாய் சாப்பிடு குஞ்சு" என்று கவளத்தை நீட்டினார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினேன். அவர் கையை எடுக்கவில்லை. கனநேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார். மாமியாவது பேக்கிங் என்று ஒரு சாட்டுச் சொல்லி அனுப்பினார். நான் அதுகூடச் சொல்லவில்லை. சைக்கிள் போன கோபம் எனக்கு. அன்றைக்கு அந்தச் சோற்றை யாராவது ஒருவர் ஆசையாக உண்ண வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.