ஜுரமில்லாத நாளில் பிரெட்

புதுச் சட்டைக்குள் வைத்து வருகிற அட்டையை எல்லாரும் குப்பையில்தான் போடுவார்கள். திண்டிவனம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற அன்புச்செல்வி மட்டும் அதை வீட்டுக்கு எடுத்துப் போவாள். சூப்பர் மார்க்கெட் நோட்டீஸில் கிடைக்கிற பால், முட்டை, ஆப்பிள் படங்களை வெட்டி அதில் ஒட்டுவாள். எல்லாம் தங்கை மகள் மலர்விழிக்காக.

தங்கை கலையரசிக்கு இத்தாலியில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. குழந்தை தவழ்கிற பருவத்தில் அக்காவிடம் விட்டுப் போனவள். இப்போது மகளுக்கும் விசா வந்துவிட்டது. கோடையில் வந்து கூட்டிப் போகிறாள். நாலு வயதுப் பிள்ளை, பாஷை தெரியாத பள்ளிக்கூடத்தில் பசி, தாகம் சொல்லத் தெரியாமல் அழுதுகொண்டு நின்றால்? அந்தக் கவலைதான் அன்புச்செல்வியைப் போட்டு ஆட்டியது. கலையரசி வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு இத்தாலிய வார்த்தையாகப் பேசி அனுப்புவாள். அன்புச்செல்வி அதைக் கேட்டுக் கேட்டு நாக்கில் ஏற்றிக்கொண்டு, படத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுப்பாள். பாலுக்கு லாத்தே, தண்ணீருக்கு ஆக்வா. பிள்ளைக்குக் கற்பூர புத்தி, கப்பென்று பிடித்துக்கொண்டது.

இடித்தது பிரெட்டில்தான்.

படத்தைக் காட்டி, "பானே" என்றாள். மலர்விழி சொல்லவில்லை. நேராக வந்து மடியில் தலைவைத்துச் சுருண்டுகொண்டது.

"எனக்கு ஜுரம், பெரிம்மா."

தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லென்று இருக்கிறது. பிள்ளையைச் சொல்லி என்ன செய்ய? நம் ஊரில் பிரெட் எப்போது வாங்குகிறோம்? ஜுரம் வந்தால்தானே. பாலில் தோய்த்து ஊட்டிவிட்டு, கடைக்கு லீவு போட்டு, நாளெல்லாம் மடியில் போட்டுக்கொண்டவள் அன்புச்செல்விதானே.

வீடியோ காலில் சொன்னபோது கலையரசி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ அக்கா, இங்க தெனம் பிரெட்டுதான். ஸ்கூல்ல மத்தியான சாப்பாட்டோட வெப்பாங்க. அதப் பாத்துட்டு இவ தெனமும் உன் மடியத் தேடிக்கினு அழுவா, பாரு."

அன்புச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற மனம் பித்து என்று பழமொழி சொல்லி வைத்தவர்களுக்கு, வளர்த்த மனத்துக்கு ஒன்று சொல்லத் தோன்றியதா?

மறுநாள் காலையில் பிரெட் வாங்கி வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் பிள்ளையை உட்கார வைத்து, தட்டை முன்னால் வைத்தாள்.

"ஜுரம் இல்லன்னாலும் துன்னலாம் கண்ணு. நீயே துன்னு."

அது இறங்கி வந்து காலைக் கட்டிக்கொண்டது.

"பெரிம்மாவுக்கு வேல இருக்குது. போய் உக்காரு."

ஒரு வேலையும் இல்லை. கழுவி வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவினாள். பிள்ளை தேம்பித் தேம்பி அழுதது. தூக்கினால் எல்லாம் பாழ் என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அடுத்தடுத்த நாட்களும் இதே கூத்துதான். பக்கத்து வீட்டுப் பரிமளா எட்டிப் பார்த்து, "ஊருக்குப் போற புள்ளைய ஏன் இப்டி அழவுட்றே?" என்று கேட்டாள். அன்புச்செல்வி குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

கலையரசி வந்து இறங்கிய வாரத்தில் ஒருநாள், மலர்விழி தானாகவே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது.

"பானே" என்று கேட்டது.

கொடுத்தார்கள். தின்றது. உதிர்ந்த தூளையும் விரலால் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு விளையாட ஓடிவிட்டது. பெரியம்மா நின்ற அடுப்படிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சூப்பர்க்கா, நல்லா பழக்கிட்ட" என்றாள் கலையரசி.

"ம்" என்றாள் அன்புச்செல்வி.

நினைத்தது நடந்துவிட்டது. இனி அங்கே பிள்ளை அழாது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.