பெண் பார்க்க வந்து தட்டுக் கழுவியவர்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அபுதாபி முசஃபாவில் மூன்று கார் ரிப்பேர் கராஜ் வைத்திருக்கிறேன். என் மகளைப் பெண் பார்க்க, ஜெர்மனியில் படிக்கும் ஒருவர் லீவில் ஊருக்குப் போகிற வழியில் அபுதாபியில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான ஆள். அந்த வெயிலிலும் கையில் தடிக் கோட்டு.

பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் தட்டோடு நேரே கிச்சனுக்குப் போய்க் குழாயைத் திறந்தார். தன் தட்டைக் கழுவிவிட்டு என் தட்டையும் கேட்டார்.

“ஐயோ, வேலைக்காரி இருக்கா, வச்சிருங்க தம்பி!” என்று என் மனைவி பதறினாள்.

“பழகிப்போச்சு அத்தை. அங்க ஆறு பேருக்கு ஒரே கிச்சன். சமைக்கிறது, கழுவுறது எல்லாம் முறை போட்டுத்தான்.”

இங்கே வந்த புதிதில் லேபர் கேம்ப்பில் நாங்களும் அப்படித்தான் முறை போட்டுக் கழுவினோம். அதிலிருந்து மேலே வர எனக்குப் பத்து வருஷம் பிடித்தது. இவரோ பெரிய படிப்புப் படித்து, விசா எடுத்து, விமானம் ஏறி அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

“இந்த இடம் சரிவராதுடி” என்றேன் மனைவியின் காதில்.

அதற்குள் மகள் துண்டோடு போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

“அவர் கழுவட்டும் டாடி, நான் துடைக்கிறேன். உங்க டம்ளரையும் குடுங்க.”

சரிவராது என்று அதற்குமேல் யாரிடம் சொல்வது?