கல்லுக்குள் முளைத்தது

கிணற்றுக்குள் இறங்கிவிட்டால் ராயம்மாளுக்கு மேலே ஒரு உலகம் இருப்பதே மறந்துவிடும் என்று அவள் கணவன் சவுரியப்பன் சொல்வான். இருவரும் கிணறு வெட்டும் கூட்டத்தில் இருந்தார்கள். அவன் பாறையில் துளையிட்டு வெடிமருந்து கெட்டித்துத் திரி வைப்பான். புகை அடங்கியதும் அவள் வடத்தைப் பிடித்து இறங்கி, உடைந்த கல்லைக் கூடையில் நிரப்பி மேலே அனுப்புவாள்.

1938 கோடையில் காரிமங்கலத்துக்குக் கிழக்கே, வெங்கடாசலம் என்பவரின் மேட்டுக்காட்டில் வேலை. மழை பொய்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த மாசியில்தான் அவர்களுடைய முதல் குழந்தை காய்ச்சலில் போயிருந்தது. அதற்குப் பிறகு ராயம்மாள் யாருடனும் அதிகம் பேசவில்லை. கீழே போனால் வானம் ஒரு தட்டளவுக்குச் சுருங்கிவிடும். பாறை ஈரத்துணி போலக் குளிர்ந்திருக்கும். அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்மூடி நிற்பாள்.

ஒருநாள் வெடித்த வெடியில் கருங்கல் பிளந்து, பிளவிலிருந்து நூலாகத் தண்ணீர் கசிந்தது. மேலே கற்பூரம் கொளுத்தினார்கள். ஆனால் வாரம் திரும்புவதற்குள் பிளவின் வாயெங்கும் செம்மஞ்சளாய்ப் பஞ்சுபோல ஏதோ படர்ந்தது. அடியில் தேங்கிய தண்ணீர் சிவந்தது. அதன்மேல் மயில் கழுத்து நிறத்தில் பாலாடை போல ஒன்று மிதந்தது.

"பூமி ரத்தம் கக்குது," என்று ஆட்கள் இறங்க மறுத்தார்கள்.

"மூடிடலாம். நமக்கு எதுக்கு வம்பு," என்றார் வெங்கடாசலம்.

ராயம்மாள் மட்டும் இறங்கினாள். பஞ்சை உள்ளங்கையால் வழித்துவிட்டுப் பாறையைக் கழுவினாள். மறுபடி போய்ப் பார்த்தபோது அது வளர்ந்திருந்தது, பிள்ளைத்தலை முடிபோல மெத்தென்று.

"ஏனுங்க, துருவா இருந்தா இப்படி முளைக்குமா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"கல்லுல என்ன முளைக்கும்?"

"முளைச்சிருக்குதுங்களே."

சவுரியப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். மாசிக்குப் பிறகு அவளாக வந்து கேட்ட முதல் கேள்வி அது. "தர்மபுரி சிஸ்டருகிட்டக் காட்டலாம், வா," என்றான்.

மிஷன் மருந்தகத்து ஞானமேரி சிஸ்டரை அவர்களுக்குத் தெரியும். குழந்தையின் ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, பூதக்கண்ணாடியின் பித்தளைக் குழாய் வழியே பார்த்தவர் அவர்தான். இப்போது அவர்கள் புட்டியில் கொண்டுவந்த செம்மஞ்சளில் ஒரு துளியை வைத்துப் பார்த்துவிட்டு, "நீயும் பாரு," என்று நகர்ந்துகொண்டார்.

வெளிச்ச வட்டத்துக்குள் வடங்கள் கிடந்தன. மயிரினும் மெல்லிய, முறுக்கி முறுக்கித் திரித்த வடங்கள்.

"கண்ணுக்குத் தெரியாத உசுருங்க திரிச்ச கயிறு அது," என்றார் சிஸ்டர். "மழைத்தண்ணி கல்லிடுக்குல வருஷக்கணக்கா ஊறி, கல்லுல இருக்கற இரும்பைக் கரைச்சுக்கிட்டு வருது. காத்து படற எடத்துல அந்த இரும்பை வெச்சு இதுங்க பொழைக்குது. வெயிலே வேண்டாம்."

ராயம்மாள் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எம்புள்ளையக் கொண்டுபோனதும் இதுங்களா?"

"இல்லம்மா. அது கொசுக்கடியில வந்தது. இதுங்க யாரையும் ஒண்ணும் செய்யாது. தண்ணிய நல்லாக் காத்து பட உசரத்துல இருந்து ஊத்தித் தெளிய வெச்சு, மணல்ல வடிகட்டிக் காய்ச்சிக் குடிங்க."

அன்று காரிமங்கலம் திரும்பும் வழியெல்லாம் ராயம்மாள் அழுதாள். சவுரியப்பன் தடுக்கவில்லை.

மறுநாள் சிஸ்டர் சொன்னபடி செய்து, தெளிந்த தண்ணீரை வெங்கடாசலத்தின் முன்னால் செம்பில் ஊற்றிக் குடித்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பிறகுதான் ஆட்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள். இன்னும் ஓராள் உயரம் ஆழம் போனதும் ஊற்று பெருகியது. அந்தக் கோடையில் சுற்றியிருந்த வீடுகள் எல்லாம் அதைத்தான் குடித்தன. பானைகளின் உட்புறம் சிவந்திருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூட்டம் அதியமான்கோட்டைக்கு வேறு வேலைக்குக் கிளம்பியபோது இவர்கள் போகவில்லை. காட்டோரத்தில் குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார் வெங்கடாசலம். மறுவருஷம் பெண் பிறந்தது. சாலம்மாள் என்று பெயரிட்டார்கள்.

பின்னால் நல்ல மழை பெய்த ஒரு வருஷம் கிணறு நிரம்பி, பிளவு ஆழத்துக்குள் மறைந்தது. சிறுமி சாலம்மாள் அம்மாவின் இடுப்பைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"அடியில யாரும்மா இருக்காங்க?"

"கல்லுக்குள்ள வூடு கட்டிக்கிட்டு இருக்குதுங்க, கண்ணு. பேரு தெரியாது."

"அதுங்களுக்குப் பசிக்காதா?"

சிறுமி கையிலிருந்த களியில் ஒரு துண்டைக் கிள்ளித் தண்ணீரில் போட்டாள். அது சுழன்று சுழன்று இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.