பலகையில் என்ன எழுதியிருக்கு?

என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு அடுத்த கடை கண்ணாடிக்கடை அக்காவுடையது. சுவரில் எழுத்துப் பலகை, கையில் லென்ஸ். "நம்பர் கிடக்கட்டும், உங்களுக்குத் தெரியுதா? அதச் சொல்லுங்க" என்று வருகிறவர்களை விரட்டுவாள். ஞாயிறு மத்தியானம் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, வெளியூரில் வேலை பார்க்கும் தம்பியோடு லேப்டாப்பில் கேம் ஆடுவாள். அவன் போனில் "ம்", "சரி"க்கு மேல் பேசாத ஆள். ஆடும்போதுதான் வாய் திறப்பான். அவளுக்குக் கேம் ஒரு சாக்கு.

அவன் புதிதாக ஒரு மலையேறும் கேம் பிடித்தான். இருவரையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கும். அக்காவின் லேப்டாப் கடையில் பில் போட வாங்கியது. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. படம் திக்கித் திணறியது.

"உன் லேப்டாப் இதுக்குத் தாங்காதுக்கா. நான் வேற யார்கூடயாவது ஆடிக்கறேன்."

அக்கா விடவில்லை. என்னிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தானே செட்டிங்ஸைக் குடைந்து அப்ஸ்கேலிங்கைப் போட்டாள். அது படத்தைச் சின்னதாக வரைந்து திரையளவுக்கு இழுத்துவிடும். அதோடு ஃபிரேம் ஜெனரேஷனையும் போட்டாள். அது இரண்டு படங்களுக்கு நடுவில் தானே ஒன்றைக் கற்பனை செய்து செருகும். நொடிக்கு எத்தனை படம் என்று திரை மூலையில் காட்டும் எண் இருபத்தைந்திலிருந்து நாற்பதைத் தாண்டியது. அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

படம் வழுக்கிக்கொண்டு ஓடியது, உண்மைதான். ஆனால் செருகிய படங்களுக்கு அவள் விரல் அழுத்தியது தெரியாது. அவற்றைச் செய்யும் வேலையும் அந்த நோஞ்சான் சிப்பின் தலையிலேயே விழுந்தது. குதி என்று அழுத்தினால், விழுந்த பிறகு குதித்தாள். கயிற்றோடு தம்பியும் போனான்.

"ஏன்க்கா லேட்டா குதிக்கற?"

"நெட் சரியில்லடா."

அவன் வேலை இருக்கிறது என்று போய்விட்டான். மறுநாள் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். ஊருக்கெல்லாம் நம்பரை நம்பாதே என்றவள் தானே நம்பரை நம்பியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஃபிரேம் ஜெனரேஷனை நிறுத்தி, அப்ஸ்கேலிங்கின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினேன். கை சொன்னதைக் கேம் உடனே கேட்டது. படம்தான் கலங்கிப்போனது. வழிகாட்டும் பலகைகளில் எழுத்துக்குப் பதில் எறும்பு ஊர்ந்தது.

அடுத்த ஞாயிறு ஆடும்போது அவள் கேட்டாள். "டேய், பலகையில என்ன எழுதியிருக்கு?"

"பாலம் உடைஞ்சிருக்காம். இடது பக்கம் போ."

பலகைக்குப் பலகை வாசித்தான். வாசித்து வாசித்து வாய் பழகி, ஆபீஸ் லிஃப்ட், அறைத்தோழனின் குறட்டை என்று போய், உச்சிக்குக் கிட்டத்தில், "இங்க எனக்குன்னு யாருமே இல்லக்கா" என்றான். இதை என்னிடம் சொல்லும்போதே அக்காவுக்குக் கண் கலங்கியது.

ஒரு மாதம் கழித்து, பில் போட மெதுவாக இருக்கிறது என்று லேப்டாப்பைக் கொடுத்தாள். இன்னொரு ரேம் மாட்டினேன். அதே ரேமைப் பங்குபோடும் கிராபிக்ஸுக்கும் தெம்பு வந்தது. ஞாயிறு நானே கொண்டுபோய்க் கேமை ஏற்றி, படத்தின் தரத்தையும் கூட்டிவிட்டு ஓரமாக நின்றேன். முதல் பலகை வந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது: மேலே பனிச்சரிவு.

அக்கா அதைப் பார்த்தாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"டேய், என்னடா எழுதியிருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியல."