தொட்டது என்று சொன்னேன்

ஐம்பதுகளின் கடைசியில் ஜாலான் புசார் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஓர் அறையில் குடியிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், இரண்டு வயது மகள். குழாய் கீழே இருந்தது. மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் பிடித்து மாடிக்குத் தூக்குவது என் வேலை. இடது காலில் வலி வந்து பல மாதம் ஆகியிருந்தது. தைலம் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். போகப் போக, சூட்டுக்கம்பியை உள்ளே விட்டு இழுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நாள் சமைக்கும்போது கருகல் வாடை வந்தது. சோறு நன்றாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்தால் அடுப்புக்கரித் தணல் என் பாதத்தின் ஓரத்தைச் சுட்டுக்கொண்டு கிடக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

தோல் மரத்துவிட்டால் எங்களுக்கு அது குஷ்டம்தான். பக்கத்து அறை அம்மாவை அப்படித்தான் குஷ்டரோக ஆஸ்பத்திரி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவர் பாயைத் தெருவில் போட்டு எரித்தார்கள். அந்த அம்மா திரும்பி வரவே இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. மகளை மட்டும் தனிப் பாயில் அவள் அப்பாவின் பக்கம் போட்டேன். ஓடி வந்தால் தள்ளிவிடுவேன். பலகைத் தரையில் என் கால் இழுபடும் சத்தம் எனக்கே கேட்கும். அந்த அம்மா பின்னாலேயே நடந்து வருகிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

தேக்கா மார்க்கெட்டில்தான் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். "ஒத்தச் செருப்போட எங்க புள்ள போற? இன்னொன்ன மீன்காரனுக்குக் குடுத்துட்டியா?" என்று சிரித்தார். செருப்பு கழன்றது எனக்குத் தெரியாது என்று புரிந்ததும் சிரிப்பை நிறுத்தினார். மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வெளியே காத்திருந்தார்.

டாக்டர் சீனர். கூட இருந்த நர்ஸ் மிஸ்ஸி தமிழ்ப் பெண். "கண்ண மூடிக்குங்கக்கா. டாக்டர் பஞ்சால தொடுவாரு. தொட்டா, தொட்டதுன்னு சொல்லணும்."

ஆம்பளை முன்னால் கணுக்காலுக்கு மேல் சேலையைத் தூக்கவே எனக்குக் கூச்சம். கண்ணை மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. பயத்தில் "தொட்டது" என்றேன். கொஞ்சம் விட்டு மறுபடியும் "தொட்டது".

மிஸ்ஸி சிரித்துவிட்டார். "என்னக்கா தொட்டுச்சு? டாக்டர் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு லா!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னைய வண்டியில ஏத்திராதீங்கம்மா. புள்ள ரொம்பச் சின்னது."

மிஸ்ஸி மெதுவாக டாக்டரிடம் சொன்னார். அவர் என் தோலில் தேமல் இருக்கிறதா என்று தேடினார். முழங்கையிலும் முட்டியோரத்திலும் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு படுக்கவைத்து, மடக்காமல் காலை மேலே தூக்கினார். பாதி தூக்கும் முன்பே கத்திவிட்டேன்.

"எங்கேருந்துக்கா கிளம்புது?"

இத்தனை நாள் வலி எங்கே என்று யார் கேட்டாலும் வெட்கப்பட்டு முட்டியையே காட்டிக்கொண்டிருந்தவள், அன்றைக்குப் பின்புறத்தைத் தொட்டுக் காட்டினேன்.

முதுகை எக்ஸ்ரே எடுத்தார்கள். அடுத்த வாரம் மிஸ்ஸி சொன்னார். "அந்த நோய் இல்லக்கா. முதுகெலும்புகிட்ட நரம்பு நசுங்குது. இனிமே தண்ணி தூக்காதீங்க. ஆனா வலி முழுசாப் போகும்னு சொல்ல முடியாதாம். மரத்த எடமும் அப்படியே இருக்கலாமாம்."

நான் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் பாயில் உட்கார்ந்து, "வா கண்ணு" என்று கையை நீட்டினேன். மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "போம்மா, அம்மாதான கூப்பிடுது" என்றார் அவர். வந்தாள். மடியில் ஏறவில்லை. பாயின் ஓரத்தில், என் கை படாத தூரத்தில் உட்கார்ந்தாள்.